குழம்புக்கு ஆகாத காய்கள்

எங்கள் அடுக்குமாடியில் இப்போது வீட்டுக்கு வீடு மாடித்தோட்டம். நாலு வெண்டைக்காய் காய்த்துவிட்டால் போதும், வாட்ஸ்அப் குழுவில் படம் வந்துவிடும். போன வாரம் மூன்றாம் மாடிப் பெண் கேட்டிருந்தாள்: “வீட்ல காய்ச்சதுல எதெல்லாம் குழம்புக்கு நல்லா இருக்கும், எதெல்லாம் சொதப்பும்? அங்கிள், நீங்க சொல்லுங்க.” அங்கிள் என்றால் நான்தான். வேலைவெட்டி இல்லாத கிழவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? உட்கார்ந்து எழுதித் தள்ளினேன்.

கத்தரியைப் பறித்த அன்றே போட்டுவிடணும். முருங்கை கிள்ளிப் பார்த்தால் நகம் இறங்கணும். பீர்க்கங்காய் குழம்பில் கரைந்து காணாமல் போய்விடும், அதைத் துவையலுக்கு விட்டுவிடுங்கள். சுரைக்காயில் ஒரு துண்டு கடித்துப் பார்க்காமல் போடவே கூடாது, கசந்தால் சட்டியோடு கொட்ட வேண்டியதுதான். இப்படியே போய், ‘பரங்கிக்காய் இனிக்கும், குழம்புக்குச் சரிப்படாது’ என்று எழுதியபோது கை நின்றுவிட்டது. அதே வாக்கியத்தை நெய்வேலியில் ஒரு மனிதரிடம் வாய்கூசாமல் சொல்லியிருக்கிறேன். எங்கள் அம்மா வைக்கும் பரங்கிக்காய்ப் புளிக்குழம்புக்கு ஊரில் அடிதடியே நடக்கும். எழுதியதை அழித்துவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

எழுபதுகளின் கடைசியில் சுரங்கத்தில் வேலை கிடைத்து நெய்வேலிக்குப் போனேன். திருநெல்வேலிப் பக்கத்துப் பையன்கள் மூன்று பேர் ஒரு குவார்ட்டர்ஸில் இருந்தோம், முறைவைத்துச் சமையல். என் முறை வந்தால் மற்ற இருவருக்கும் திடீரென்று வடலூரில் வேலை வந்துவிடும். அப்படி இருக்கும் என் குழம்பு.

எனக்குக் கன்வேயர் பெல்ட் ஒட்டும் பிரிவு. எந்தச் சோப்புக்கும் போகாத ரப்பர் சொல்யூஷன் வாசனை கையிலேயே இருக்கும். அங்கே காண்ட்ராக்டில் வேலை செய்தவர் கலியபெருமாள். என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். நான் பெர்மனென்ட் என்பதால் ‘ங்க’ போட்டும், சின்னவன் என்பதால் ‘தம்பி’ என்றும் கூப்பிடுவார். என் டிபன் கேரியரை ஒருநாள் எட்டிப் பார்த்தவர் சிரித்துவிட்டார்.

“இன்னாங்க தம்பி இது, தண்ணியில மொளகாத்தூள் மெதக்குது? நாளைக்கு நம்ம வூட்டுலேர்ந்து கொழம்பு எடுத்தாரேன். கொல்லையில பரங்கி காய்ச்சிக் கெடக்குது.”

எனக்குத் திக்கென்றது. அவர் வீடு இருந்தது ஊருக்கு வெளியே, காலனியில். இதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. எங்கள் ஊரில் அந்தத் தெருவிலிருந்து வரும் பச்சைக் காயை வாங்குவார்கள், சமைத்ததைத் தொடமாட்டார்கள். அந்த அழுக்கை நான் டிரங்குப் பெட்டியோடு நெய்வேலிவரை தூக்கிக்கொண்டு வந்திருந்தேன். இத்தனைக்கும் கேண்டீனில் வடையும் போண்டாவுமாக நாளுக்கு மூன்று தடவை தின்பேன். உள்ளே கரண்டி பிடிப்பவர் யார், எந்தத் தெரு என்று ஒருநாளும் கேட்டதில்லை.

“பரங்கிக்காய் வேண்டாம்ணே. இனிக்கும். எங்களுக்குக் குழம்புக்குச் சரிப்படாது” என்றேன்.

நம்பிவிட்டார். அடுத்த மாதம் முள்ளங்கிக் குழம்பு என்றார். அதன் வாசனை எனக்குக் குமட்டும் என்றேன். கொத்தவரங்காய் வாயு. அவரைக்காய்க்கு என்ன சொன்னேன் என்று நினைவில்லை, ஏதோ சொன்னேன். அவர் கொல்லையில் காய்த்த ஒவ்வொன்றின் மேலும் ஒரு பழியைப் போட்டேன். நான் பெரிய நாக்குக்காரன் என்றே அவர் நினைத்துக்கொண்டார்.

ஒரு தை மாதம், “அப்ப எதாங்க தம்பி உங்க கொழம்புக்கு ஆவும்?” என்று கேட்டார். அந்தப் பக்கம் எவருமே பயிர் செய்யாத ஒன்றைச் சொல்லிவிட்டால் தொல்லை விட்டது என்று, “சிறுகிழங்குண்ணே. அது போட்டாத்தான் எங்களுக்குக் குழம்பு” என்றேன். அப்படியொரு கிழங்கையே அவர் கேள்விப்பட்டதில்லை. ‘எப்டி இருக்கும், எந்த மண்ணுல வரும்’ என்று விசாரித்தார். செம்மண்ணில் வரும் என்று சொல்லிவிட்டு நான் மறந்தே போனேன்.

அவர் மறக்கவில்லை. குவார்ட்டர்ஸ்களில் தோட்டம் கொத்தப் போகும்போது ஒரு தென்காசிக்காரர் வீட்டில் பொங்கலுக்கு ஊரிலிருந்து வந்த கிழங்கில் மிச்சம் இருந்ததாம். முளைவிட்டதைக் கேட்டு வாங்கிப் போய்ப் பத்திரப்படுத்தி, ஆடியில் கொடி நறுக்கி நட்டிருக்கிறார். இதெல்லாம் அடுத்த தை பிறந்து, ஒரு எவர்சில்வர் தூக்கை என் கையில் கொடுத்தபோதுதான் தெரிந்தது.

“சிறுகெழங்குக் கொழம்புங்க தம்பி. தோலு உரிக்கறதுக்குள்ள வூட்ல கையெல்லாம் கறுத்துப்போச்சு. இன்னாடா கெழங்கு இது, சுண்டக்காயாட்டம் இருந்துகினு இந்தப் பாடு படுத்துதுன்னு ஒரே சிரிப்பு.”

அவருடைய நகக்கண்ணிலும் கறை இருந்தது. அவரும் உட்கார்ந்து உரித்திருக்கிறார். “ரூம்ல போய் சாப்பிட்டுக்கறேன்ணே” என்றேன்.

ஷிப்ட் முடிந்து சைக்கிளில் போகும்போது தைலமரங்களுக்கு நடுவில் நிறுத்தி, மூடியைத் திறந்தேன். புளியும் பூண்டும் கிழங்கின் மண்வாசனையுமாக ஏறியதில் வாயில் எச்சில் ஊறியது. பிறகு அத்தனையையும் மரத்தடியில் கவிழ்த்தேன். கூட இருக்கும் பையன்கள் ஊரில் போய்ச் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான் என்று ரொம்ப வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். பொய். அங்கே ஒரு ஆள் இல்லை. தின்றிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. யாரும் பார்க்காதபோதும் ஊற்றினேன்.

மறுநாள் தூக்கைக் கழுவிக் கொடுத்தேன். அவர் தயங்கித் தயங்கி, “எப்டிங்க இருந்துச்சு?” என்றார்.

“எங்க அம்மா வெச்ச மாதிரியே இருந்துச்சுண்ணே.”

“உப்பு?”

“கரெக்டா இருந்துச்சு.”

தூக்கின் மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். மூடினார்.

“உப்பே போடலிங்க. கெழங்கோட மல்லுக்கட்டுன அவசரத்துல மறந்துடுச்சி. நாங்க துன்னும்போதுதான் தெரிஞ்சுது. தம்பி எப்டித் துன்னுச்சோ, மன்னாப்பு கேட்டுக்கினு வான்னு வூட்ல சொல்லி அனுப்புச்சு.”

அவ்வளவுதான் சொன்னார். கிரைண்டிங் மெஷினை எடுத்துக்கொண்டு பெல்ட் பக்கம் போய்விட்டார். அன்று முதல் நான் ‘சார்’. என் டிபன் கேரியரை அவர் எட்டிப் பார்க்கவில்லை. கூனிக்குறுகிப் போனேன் என்று எழுதலாம்தான், ஆனால் கூனிக்குறுகியவன் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருப்பான். நான் ஷிப்ட் மாற்றி வாங்கிக்கொண்டு போனேன். மேலதிகாரியிடம் சொன்ன காரணம் ரப்பர் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்பது.

இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கல்யாணத்துக்கு அந்தப் பக்கம் போனபோது ஆட்டோ பிடித்து அவர் காலனியைத் தேடினேன். காலனி இல்லை. சுரங்கம் அதுவரைக்கும் வந்துவிட்டது. குடிசைகளும் கொல்லைகளும் இருந்த இடத்தில் தலைசுற்றும் ஆழத்துக்குப் பள்ளம். குடியிருந்தவர்கள் ஆளுக்கொரு ஊராகப் போய்விட்டார்களாம். சாலையோரம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவரிடம் கலியபெருமாள் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அந்தப் பெயரில் நாலைந்து பேர் இருந்தார்கள் என்றார். எந்தக் கலியபெருமாள் என்று அடையாளம் சொல்ல எனக்குத் தெரியவில்லை. அவர் மனைவி பெயர் தெரியாது, பிள்ளைகள் பெயர் தெரியாது, வீடு எந்தப் பக்கம் பார்த்திருந்தது என்றுகூடத் தெரியாது. ஒருநாளும் போனதில்லையே.

“அவுரு உங்களுக்கு இன்னா வேணுங்க?” என்று கேட்டார் ஆடு மேய்த்தவர்.

சிநேகிதர் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. “கூட வேலை பார்த்தவர்” என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினேன்.