மெர்த்தாசி பிறந்த நாளை விழுங்கிய கம்ப்யூட்டர்

ஒரே ஊர்ச்சபைக்குக் கட்டுப்பட்ட தெருக்கூட்டமான எங்கள் பஞ்சாரில் காலை பத்து மணி வரை மெர்த்தாசி கஞ்சிக்காரி. அதற்கு மேல் கம்ப்யூட்டர் வைத்தியக்காரி. மேசை ஒன்றுதான். கஞ்சிப் பானை இறங்கியதும் திருப்புளி ஏறும். அவள் முறைத்தால் செத்த பிரிண்டரும் எழுந்து நூறு தாள் துப்பும் என்பார்கள். நான் பார்த்த அன்று இரண்டுதான் துப்பியது.

நாற்பத்தொரு வயதில் அவளுக்கு இருந்தது ஒரே குறை. இருநூற்றுப்பத்து நாளுக்கு ஒருமுறை எங்கள் ஊரில் பன்றிக்குப் படையல் உண்டு, தென்னைக்குப் படையல் உண்டு. மனிதர்களுக்கும் அதே இருநூற்றுப்பத்து நாள் கணக்கில் அவரவர் பிறந்த நாள் சுற்றி வரும்போது ஒத்தோனான் என்ற பிறந்தநாள் படையல் உண்டு. மெர்த்தாசிக்கு மட்டும் இல்லை, ஏனென்றால் எந்த நாளில் பிறந்தாள் என்பதே தெரியாது. அவள் அம்மா சொல்லிவிட்டுச் செத்தது, எருமை கிணற்றில் விழுந்த அன்று பிறந்தாள் என்பது மட்டும்தான்.

பஞ்சார் எழுத்தர் நெங்கா திர்க்கா அந்த எருமையின் வாலைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் அலைந்தார். கிழவிகள் ஆளுக்கொரு எருமை சொன்னார்கள். ஒரே கிணற்றில் ஏழு விழுந்ததாகத் தேறியது. கடைசியில் சரியான எருமை விழுந்த வாரத்துக் கோயில் திருவிழாவை வைத்து நாளைக் கண்டுபிடித்து, சபைக் கம்ப்யூட்டரில் இருந்த ஊரார் பிறந்தநாள் பட்டியலில் ஏற்றினார். விளக்கும் வேலையும் கூடாத மௌன நாளான நியெப்பி கழிந்ததும், அவளுடைய அடுத்த ஒத்தோனான் என்றைக்கு என்று பார்த்துச் சொல்வதாக வாக்குக் கொடுத்தார்.

நியெப்பி கழிந்தது. கம்ப்யூட்டர் எழவில்லை. வட்டுச் சோதனை தோற்றது என்று கறுப்புத் திரையில் எழுதிவிட்டு அப்படியே நின்றது. டவுன் கடைக்காரரைப் போனில் கேட்டதற்கு, வட்டைத் துடைத்துவிட்டுப் புதிதாக எல்லாம் ஏற்றச் சொன்னாராம். திர்க்கா பெட்டியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு மெர்த்தாசியிடம் வந்தார்.

"துடைச்சா என் நாளும் போயிடுமே. உங்களுக்கு ஞாபகம் இல்லையா அண்ணே?"

"அதுல எழுதியாச்சேம்மா. அப்புறம் நான் வேற எதுக்குச் சுமக்கணும்?"

அவள் வட்டின் கம்பியை மாற்றிப் பார்த்தாள். அதே திரை. திருத்தட்டுமா, திருத்தட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒவ்வொன்றாகக் கேட்டது. எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டுவிடச் சொல்லித் திர்க்கா அவசரப்படுத்தினார். அவள் கையைக் கட்டிக்கொண்டு, யாரும் படிக்காத அந்தப் பொடி எழுத்துகளை மேலிருந்து படித்தாள். இந்த வட்டு கடைசியாகப் பயன்பட்டது இனி வரப்போகும் ஒரு காலத்தில் என்றது ஒரு வரி.

"நியெப்பி அன்னிக்கு இத என்ன பண்ணீங்க?"

"நியெப்பி அன்னிக்கு யாராச்சும் ஏதாச்சும் பண்ணுவாங்களா?"

"பிளக்கு?"

திர்க்கா தலையைச் சொறிந்தார். போன வருஷ நியெப்பி இரவில் பெட்டியின் பின்பக்கம் மினுங்கிய கடுகளவு சிவப்பு விளக்கை ஜன்னல் வழியே பார்த்துக் காவல்காரர்கள் வைதுவிட்டார்களாம். அதனால் இந்த வருஷம் பிளக்கையே பிடுங்கி, பெட்டியைத் துணியால் போர்த்தி வைத்தாராம்.

மெர்த்தாசி சிரித்துவிட்டாள். உள்ளே இருந்த பொத்தான் பேட்டரி எப்போதோ செத்திருக்கிறது. பிளக்கில் வந்த கொஞ்ச மின்சாரத்தில்தான் கடிகாரம் ஓடியிருக்கிறது. அதுவும் நின்றதும், பெட்டி தான் பிறந்த ஆண்டுக்கே ஓடிப்போய்ப் பதினைந்து வயது குறைந்து எழுந்திருக்கிறது. அதனால்தான் வட்டில் இருந்த தேதி அதற்கு வருங்காலமாகத் தெரிந்திருக்கிறது; வட்டில் ஒரு கீறலும் இல்லை.

கஞ்சிக்கு அரிசி நிறுக்கும் மின் தராசிலிருந்து பொத்தான் பேட்டரியைக் கழற்றிப் பெட்டிக்குள் போட்டாள். தேதியைத் திருத்தினாள். சோதனை மறுபடி ஓடியது. திர்க்கா கண்ணை மூடிக்கொண்டார், அவள் மூடவில்லை. நூறு வரை எண்ணிவிட்டு, சமர்த்தாகத் திறந்தது கம்ப்யூட்டர்.

பட்டியலில் அவள் பெயருக்கு நேராக விரலை வைத்த திர்க்காவின் முகம் சுருங்கியது.

"உன் ஒத்தோனான் நேத்தும்மா."

மெர்த்தாசி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.

"தேதிய ஒரு நாள் பின்னால தள்ளட்டுமா அண்ணே? கைவசந்தான் இருக்கு."

"ஏற்கெனவே பட்டது போதாதாடி?"

எழுபத்தொரு ஒத்தோனானைத் தவறவிட்டவளுக்கு ஒரு நாள் பிந்தினால் என்ன? முதல் வேலையாகப் பட்டியலைப் பிரதி எடுத்துத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டாள். பிறகு தன் ஒத்தோனானுக்காகப் பானையை மறுபடி அடுப்பில் ஏற்றினாள். தராசில்தான் பேட்டரி இல்லையே; கைக்கு வந்த மட்டும் அரிசி அள்ளிப் போட்டாள். பஞ்சார் முழுக்கக் குடித்தும் அந்தக் கஞ்சி தீரவில்லை. நானே மூன்று கிண்ணம்.