ஓடைப்பாலத்தில் ஆறு நிமிடம்

வள்ளிமயிலுக்கு வயது ஐம்பத்திரண்டு. நாகலாபுரத்துக்கும் விளாத்திகுளத்துக்கும் நடுவே, சாலை ஓர் ஓடையைக் கடக்கும் இடத்தில் அவர் ஊர். வெள்ளாடு இருபத்தேழு, செம்மறி பதினான்கு வைத்திருக்கிறார். வண்டி எதையும் ஓட்டியதில்லை, சைக்கிள்கூடத் தெரியாது. ஆனால் சென்ற ஆண்டு ஜூன் மாதம் தொடங்கி இந்த மார்ச் பதினைந்து வரை, செல்போனில் பஸ் ஓட்டும் விளையாட்டில் அவர் கடந்த தூரம் 6,318 கிலோமீட்டர். விளையாட்டே கூட்டி வைத்துக் காட்டுகிறது. நான் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

அவரை நான் சந்தித்தது சுந்தரபாண்டியனின் செல்போன் கடையில். கோவில்பட்டி பேருந்து நிலையத்தில் தனியார் பஸ்களுக்கு முப்பத்தோரு ஆண்டுகள் நேரம் குறித்தவன் நான். அந்தக் கடை நிலையத்துக்கு எதிரே இருப்பதால் ஓய்வுக்குப் பிறகும் கால் அந்தப் பக்கமே போகிறது. கடையின் பின்னறை முழுக்க விளையாட்டுதான். இந்தப் பிப்ரவரி இரண்டாம் தேதி, ஞாயிறு, அங்கே வந்தவர்கள் இருபத்து மூன்று பேர். ஒன்பது பேர் செல்போனில், தீவில் இறங்கி ஒருவரையொருவர் சுடும் ஆட்டம். நான்கு பேர் புதிதாக வாங்கிய பெரிய விளையாட்டுப் பெட்டியில் கால்பந்து. மூன்று பேர், மூவரும் நாற்பது தாண்டியவர்கள், டி.வி.யில் பழைய கேசட் செருகி டாங்கி ஆட்டம். செங்கல் கோட்டையை எதிரி இடித்துவிட்டால், தீவில் சுடுபவர்களைவிட இவர்கள்தான் அதிகமாகக் கத்துவார்கள். மீதி ஏழு பேர் பஸ்.

பஸ் விளையாட்டு வெளிநாட்டுச் சரக்கு. ஆனால் நம் ஊர் பஸ்ஸின் நிறம், ஹாரன், கண்ணாடியில் எழுதிய பெயர் என்று எல்லாவற்றையும் ரசிகர்களே செய்து அதில் ஏற்றிவிடுகிறார்கள். சாலைகளையும் செய்கிறார்கள். நாகலாபுரத்திலிருந்து விளாத்திகுளம் வரையுள்ள சாலையை ஏழு மாதம் உட்கார்ந்து செய்தவர் சுந்தரபாண்டியன்.

வள்ளிமயில் சென்ற ஜூனில் முதன்முதலாக அங்கே வந்தது உடைந்த போன் திரையை மாற்ற. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் முத்துகிருஷ்ணன் புதுப் போன் வாங்கியதும் பழையதை அம்மாவுக்குக் கொடுத்திருந்தார். அதற்கு முன் எட்டு ஆண்டுகள் பட்டன் போனில் பாம்பு ஆட்டம் ஆடியவர் இவர். அதையேன் விட்டீர்கள் என்று கேட்டேன்.

“பாம்பு வளர வளர அதுக்கே எடம் இல்லாமப் போயிருது அண்ணாச்சி. பஸ்ஸுன்னா ரோடு போய்க்கிட்டே இருக்குல்லா.”

தன் ஊர்ச் சாலையே விளையாட்டில் இருப்பதைச் சுந்தரபாண்டியன் காட்டியபோது, அவர் திரையைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “ஏ தம்பி, எங்கூரு பாலத்துக்கு வடக்கால ஒரு வேப்பமரம் உண்டும். அத எவன் வெட்டுனான்?” என்றார். அடுத்த வாரம் மரம் வைக்கப்பட்டது.

பஸ் ஓட்டுபவர்கள் போனில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள், அதில் ஒரு வழக்கம். நான்கு மாதத்துக்கு ஒரு போட்டி. வென்றவர் ஒரு பஸ்ஸுக்குப் பெயர் வைக்கலாம். அந்தப் பெயரோடு பஸ்ஸைக் குழு முழுவதும் தங்கள் போனில் இறக்கி ஓட்டும். முதல் இரண்டு போட்டிகளிலும் வென்றவர் ஹரிகிருஷ்ணன், முப்பத்தொன்பது வயது. நிஜத்திலேயே மினிபஸ் ஓட்டுநர். விடுமுறை நாளிலும் போனில் பஸ்தான் ஓட்டுவார். முதல் பஸ்ஸுக்குத் தன் அம்மா பெயரை வைத்தார். இரண்டாவதற்குத் தன் பெயரையே வைத்துக்கொண்டார்.

வள்ளிமயிலுக்கும் அந்த ஆசைதான். “எங்கூரு ரோட்டுல எத்தன பஸ்ஸு போயிருக்கு. மொதலாளி மக பேரு, மருமக பேரு, சாமி பேரு. வள்ளிமயில்னு ஒண்ணு ஓடுனா ரோடு கோவிச்சுக்கிடுமா?” என்று கேட்பார். முதல் போட்டியில் அவர் ஐந்தாவது. இரண்டாவதில் பஸ் கவிழ்ந்துவிட்டது.

மூன்றாவது போட்டி இந்த மார்ச் பதினாறு, ஞாயிறு காலை. பழைய பஸ் போட்டி என்று அறிவித்தார்கள். இப்போது ரசிகர்களுக்குப் பழைய மாதிரி பஸ்கள் மேல்தான் மோகம்: ஜன்னலுக்குக் கண்ணாடி இல்லாமல் தகரக் கதவு, கையால் அடிக்கும் பலூன் ஹாரன். பஸ் பழையது என்றால் நேரமும் பழையதாக இருக்கட்டும் என்று சுந்தரபாண்டியன் என்னிடம் வந்தார். 1996ஆம் ஆண்டுப் பதிவேட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். நாகலாபுரத்தில் புறப்பாடு காலை 8.10, விளாத்திகுளம் வந்து சேருவது 8.56.

விதிகள் இரண்டு. 8.56க்கு யார் மிக அருகில் வந்து சேருகிறாரோ அவருக்கு வெற்றி. முந்தினாலும் பிந்தினாலும் குற்றமே. இரண்டாவது, அட்டவணையில் குறிக்காமல் எந்த நிறுத்தத்திலும் வழியிலும் ஒரு நிமிடத்துக்கு மேல் நின்றால் நீக்கம். வேகமாக வந்து ஊர் எல்லையில் நிறுத்திக் கடிகாரம் பார்ப்பவர்களைத் தடுக்க அந்த விதி.

ஓட்டுநர்கள் ஒன்பது பேர். எட்டுப் பேர் கடையில் இருந்தார்கள். வள்ளிமயில் ஆடு மேய்க்கும் இடத்திலிருந்தே ஓட்டினார். அவர் குரல் கடையின் ஒலிபெருக்கியில் கேட்டது. நேரம் குறித்து முடிவை எழுதும் வேலை என்னுடையது, எனக்கு இரண்டு திரை. ஒன்றில் சாலை, மற்றொன்றில் விளாத்திகுளம் பேருந்து நிலைய வாசல்.

புறப்பட்ட பத்து நிமிடத்திலேயே எட்டுப் பேரும் முனக ஆரம்பித்தார்கள். நாற்பத்தாறு நிமிடம் அந்தச் சாலைக்கு அதிகம். முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்ட வேண்டியிருந்தது.

“அந்தக் காலத்துல பஸ்ஸு ஓடிச்சா, நடந்துச்சா அண்ணாச்சி?” என்றார் ஹரிகிருஷ்ணன்.

வள்ளிமயில் மட்டும் வழக்கமான வேகத்தில் எல்லோரையும் கடந்து போனார். 8.27க்கு அவர் ஊர் நிறுத்தமான ஓடைப்பாலம் வந்தது. நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

“ஏக்கா, என்னாச்சு? பஞ்சரா?” ஹரிகிருஷ்ணன் கேட்டார்.

“ஏலே, நீ ஓம் பஸ்ஸப் பாத்து ஓட்டு.”

ஒலிபெருக்கியில் ஓர் ஆடு நீளமாகக் கத்தியது.

“பஸ்ஸுல ஆடு ஏத்துதீயளாக்கா?”

“ஆட்டுக்கு அரை டிக்கெட்டு. ஒனக்கென்ன வயித்தெரிச்சல்?”

அப்போது இன்னொரு குரல். அவர் கணவர் சிவனாண்டி. “ஏட்டி, ஆடு பருத்திக்குள்ள எறங்குதுட்டி!”

“நீங்க அங்கனதான நிக்கீய, திருப்புங்க! ஒரு பஸ்ஸு ஆளையும் வச்சுக்கிட்டு நான் எறங்கி வரவா?”

கடையில் சிரிப்பு அடங்க நேரம் பிடித்தது. 8.33க்கு அவர் பஸ்ஸை எடுத்தார். வழியில் வேறு இருவர் கவிழ்ந்தார்கள். வள்ளிமயில் விளாத்திகுளம் வாசலில் நுழைந்தது 8.56க்குப் பத்து விநாடி பிந்தி. ஹரிகிருஷ்ணன் ஐம்பது விநாடி பிந்தி. மற்ற ஐவரும் இரண்டு நிமிடம் முந்தியதிலிருந்து ஐந்து நிமிடம் பிந்தியது வரை ஆளுக்கொரு நேரத்தில் வந்தார்கள்.

வள்ளிமயிலின் சத்தம் ஒலிபெருக்கியைக் கிழித்தது. ஹரிகிருஷ்ணன் கையைத் தூக்கினார். “தம்பி, ரெண்டாவது விதிய வாசி.”

சுந்தரபாண்டியன் வாசித்தார். பிறகு தயங்கித் தயங்கி, “அக்கா, ஒரு நிமிசத்துக்கு மேல நின்னா நீக்கம்னு இருக்கு. நீங்க ஆறு நிமிசம் நின்னுட்டீங்களே,” என்றார்.

“நிக்காம? மாசி பங்குனியில அங்கன மொளகா வத்தல் மூட்ட ஏறணும்லா! மேல ஏத்திக் கயிறு கட்ட ஆறு நிமிசம் ஆகும். எங்கய்யா மூட்டயோட நானே எத்தன வருசம் ஏறியிருக்கேன்.”

“வெளாட்டுல ஏதுக்கா மூட்ட?” என்றார் ஒருவர்.

“வெளாட்டுல ஆளு மட்டும் இருக்காவளா? இல்லாத ஆளுக்கு நிறுத்துதோம். இல்லாத மூட்டைக்கு நிக்கக் கூடாதோ?”

ஆனாலும் விதி விதிதான். சுந்தரபாண்டியன் என்னைப் பார்த்தார். “எழுதுறதுக்கு முன்னால அரை மணி நேரம் கொடுங்க,” என்று சொல்லி வீட்டுக்கு நடந்தேன். போக பதினொரு நிமிடம், வர பதினொரு நிமிடம்.

கடைக்குத் திரும்பி, மேசைமேல் 1996 பதிவேட்டை விரித்தேன். மார்ச் மாதப் பக்கத்தில் புறப்பாடு 8.10, வருகை 8.56. இரண்டுக்கும் நடுவே சிவப்பு மையில், என் கையெழுத்திலேயே: ஓடைப்பாலம், மூட்டை, 6. செப்டம்பர் மாதப் பக்கத்தில் அதே பஸ்ஸின் வருகை 8.50. வத்தல் காலத்துக்கு ஒரு நேரம், மற்ற காலத்துக்கு ஒரு நேரம். போட்டி மார்ச்சில் நடக்கிறதே, மார்ச் பக்கத்திலிருந்து எடுப்பதுதான் துல்லியம் என்று எடுத்தவன் நான். இரண்டு ஓரத்தையும் எழுதிக்கொடுத்து நடுவை விட்டவனும் நானே. இதை எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்.

ஹரிகிருஷ்ணன் பதிவேட்டை வாங்கி இரண்டு பக்கத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதான பாத்தேன். எப்படி உருட்டுனாலும் ஆறு நிமிசம் எங்கயோ இடிக்குதேன்னு. அண்ணாச்சி, எனக்குச் சாதகமா இந்த நோட்டுல எதும் கெடக்கா?”

“இல்லை.”

“அப்ப நாங்க ஆறு பேரும் மூட்டைய ரோட்டுலயே விட்டுட்டு வந்துட்டோம்?”

“ஆமாம்.”

“மூட்டைக்காரன் அடிக்க வாரதுக்குள்ள அக்கா பேர எழுதுங்க,” என்றார்.

எழுதினேன். அட்டவணைப்படி ஓடி வந்து சேர்ந்தவர் ஒருவர், வள்ளிமயில். அதை வாசித்ததும் ஒலிபெருக்கியில் அவர் ஆடுகளை அதட்டும் சத்தம் வந்தது. “அக்கா, லைன்ல இருக்கீங்களா?” என்று சுந்தரபாண்டியன் கேட்டார்.

“இருக்கேன், இருக்கேன். பேரு கண்ணாடிக்கு மேல பெருசா இருக்கணும் தம்பி. பச்சை எழுத்து. பின்னால ஏணிக்குப் பக்கத்துலயும் சின்னதா ஒண்ணு போட்டுரு. பஸ்ஸத் தவற விட்டவனும் என்ன பஸ்ஸுன்னு வாசிக்கணும்லா.”

மார்ச் பதினெட்டு, செவ்வாய் மாலை ஆறு மணிக்குப் பஸ் குழுவுக்கு வந்தது. அன்றே பதினான்கு பேர் இறக்கி ஓட்டினார்கள். சாலையில் முன்னும் பின்னும் பதினான்கு வள்ளிமயில். “வள்ளிமயில் பள்ளத்துல உருண்டுட்டு!” என்று யாரோ கத்தியதைப் போன் வழியாகக் கேட்டு, ஆட்டுப்பட்டியிலிருந்த சிவனாண்டி கம்போடு ஓடி வந்திருக்கிறார். மனைவி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து போனைத் திட்டிக்கொண்டிருந்தாராம்.

மார்ச் முடியும்வரை அந்தப் பஸ் ஓடியது இருநூற்றுப் பன்னிரண்டு முறை. கவிழ்ந்தது பத்தொன்பது. அதில் ஒன்றுகூட அவர் கையில் நடந்ததல்ல. கவிழ்த்தவர்களின் பெயர்களை என்னிடம் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். ஏழு முறை கவிழ்த்த ஹரிகிருஷ்ணனை நேற்று குழுவில் அழைத்து எல்லோர் முன்னும் சொன்னார்:

“ஏலே, எம் பேர எழுதியிருக்க வண்டிய ஓட்டுத. நாப்பதுல போ. ஓடைப்பாலத்துல நின்னு போ.”