உள்ளே ஓட விடாத ஸ்டெல்லா மேடம்

பிரேசர் டவுனிலிருந்து ஸ்டெல்லா மேடத்தின் தம்பி போன் செய்தபோது நான் பொம்மசந்திராவில், எங்கள் ஐஸ்கிரீம் ஆலையின் கேன்டீனில் இருந்தேன். "அக்கா தூக்கத்துலயே போயிட்டாங்கப்பா. கஷ்டப்படல" என்றார். அப்பாடா என்றுதான் முதலில் தோன்றியது. புற்றுநோயோடு அவர் பட்ட பாட்டைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். அழுகை அப்புறம்தான் வந்தது.

மேடம் எங்கள் பாதுகாப்பு அதிகாரி. சைரன் அடித்தால் கொடிமரத்தடியில் போய் நிற்பார். பிறகு ஓரடி நகரமாட்டார். வாய் மட்டும் தமிழ், கன்னடம், இந்தி என்று மாறி மாறி ஓடும். எங்களுக்கு ஆளுக்கொரு ஜோடி வைத்திருந்தார். வெளியே வந்ததும் ஜோடியின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மீசை வைத்த ஆண்கள் எல்கேஜி பிள்ளைகள் மாதிரி நிற்பதைப் பார்த்துப் பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் என்ன? எவன் கை காலியோ, அவன் ஜோடி உள்ளே மாட்டிக்கொண்டது என்று மேடத்துக்குத் தெரிந்துவிடும்.

ஒரு மத்தியானம் குளிர்பதன அறையில் அமோனியா கசிந்தது. என் கைதான் காலி. என் ஜோடி சேகர் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவருக்கு வேலையே அந்த அறையில்தான். உள்ளே ஓடத் திரும்பினேன். மேடம் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்துவிட்டார்.

"மாஸ்க் போட்டு ரெண்டு பேர் தேடப் போயிருக்காங்க. நீ வெறும் மூஞ்சியோட போனா அவங்க உன்னையும் சேத்துத் தேடணும். கேட்டுக்குப் போ. பயர் இன்ஜின் வரணும், வண்டிங்களை ஒதுக்கு."

"உங்க அண்ணனா இருந்தா இப்படிப் பேசுவீங்களா?"

"பேசுவேன். போப்பா."

வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே போனேன். கேட்டில் ஒரே பைக் நெரிசல். நடுவில், புது பைக்கைத் தள்ளிக்கொண்டு, மச்சான்! சைரன் கேட்டதும் மனுஷன் கொடிமரத்துக்கு வராமல் நேரே பார்க்கிங்குக்கு ஓடியிருக்கிறார்.

"இன்னா மாப்ள, வண்டி புதுசாச்சே" என்றார். அடப்பாவி! கட்டிப் பிடித்து அழுதேன். தரதரவென்று மேடத்திடம் இழுத்து வந்தேன்.

மேடம் முதலில் வாக்கிடாக்கியில், "ஆள் கெடைச்சாச்சு, ரெண்டு பேரும் வெளிய வாங்க" என்றார். அவர்கள் வந்த பிறகுதான் மச்சான் பக்கம் திரும்பினார். "உன் வண்டிக்காக ரெண்டு உசுரு உள்ள நின்னுச்சுடா!" அப்புறம் அப்படியே தரையில் உட்கார்ந்து, என்னிடம் மெல்லச் சொன்னார்: "எனக்கும் கால் உள்ள ஓடத்தாம்ப்பா பாக்குது. நிக்கறதுதான் என் வேலை."

அன்று போயிருந்தால், அங்கே இல்லாத ஒருவரைத் தேடியே செத்திருப்பேன். நேற்று மேடத்தின் சவப்பெட்டிக்கு நானும் மச்சானும் தோள் கொடுத்தோம்.

மேடம் நோயில் படுத்ததிலிருந்து அவர் வேலையை நான்தான் பார்க்கிறேன். அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடியைத்தான். போன மாதம் சைரன் அடித்தபோது உள்ளே ஓடிய ஒருவனை நான் பிடித்து நிறுத்தினேன். கண்டபடி திட்டினான். திட்டட்டும். உயிரோடு இருந்து திட்டட்டும்.