ஃபாரம் அக்காவின் ஆறு கணினிகள்

எந்த விண்ணப்பமாக இருந்தாலும் அக்கா கடைசிப் பக்கத்திலிருந்துதான் படிக்க ஆரம்பிப்பார். முதலில் கையெழுத்துப் போடும் இடம், அதற்கு மேலே இணைப்புகளின் பட்டியல், அதற்கும் மேலே விதிமுறைகள். எல்லாம் முடிந்த பிறகுதான் முதல் பக்கத்தில் அரசாங்கம் நீட்டி முழக்கியிருக்கும் முன்னுரை. "மொதப் பக்கத்துல குடுக்கிறோம்னு சொல்லுவாங்க. கடைசிப் பக்கத்துலதான் யாருக்குக் குடுக்கமாட்டோம்னு சொல்லுவாங்க. எனக்கு அதுதான் வேணும்," என்பார். சொல்லிக்கொண்டே மூக்குக் கண்ணாடிக்கு மேல் இன்னொரு கண்ணாடியை மாட்டுவார். ஒன்று தூரத்துக்கு, ஒன்று கிட்டத்துக்கு. இரண்டுக்கும் சேர்த்துப் புதிதாக ஒன்று வாங்கக் கூடாதா என்று கேட்டால், "ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?" என்று நம் வாயை அடைத்துவிடுவார்.

உத்தியோகத்தில் அவர் கிளை நூலகத்தின் நூலகர். ஆனால் அந்தத் தெருவில் போய் நூலகர் யார் என்று கேட்டால் முழிப்பார்கள். ஃபாரம் அக்கா என்று கேட்டால் வாசல்வரை கொண்டுவந்து விடுவார்கள். ஓய்வூதியம், பாஸ்போர்ட், பிள்ளைகளின் உதவித்தொகை, தண்ணீர் இணைப்பு, எதற்குப் படிவம் நிரப்பவும் ஆட்கள் அவரிடம்தான் வருவார்கள். காலையில் வந்த படிவம் சாயங்காலத்துக்குள் வெளியே போயாக வேண்டும். "நாளைக்குன்னு வெச்சா, அது மேல ஒரு டம்ளரை வெச்சிடுவோம். அப்புறம் அது தட்டுதானே, படிவமா?" முதலில் பென்சிலால் எழுதுவார். ஒருமுறை உரக்கப் படிப்பார். பிறகு பேனாவால் எழுதிவிட்டுப் பென்சில் தடத்தை அழிப்பார். நகல்கள் மூன்று: ஒன்று அனுப்ப, ஒன்று கோப்புக்கு, மூன்றாவது "அவங்க தொலைச்சப்புறம் குடுக்க." ஸ்டேப்ளரை அவர் நம்புவதில்லை. துளை போட்டு நூலால் கட்டுவார். அந்த முடிச்சை அவிழ்க்க முடியாமல் தலைமை அலுவலகத்தில் கத்தரிக்கோல் தேடினார்களாம். அதைச் சொல்லும்போது அக்கா முகத்தில் ஒரு பூரிப்பு வரும், பார்க்க வேண்டும்.

அவருடைய முதல் பெரிய விண்ணப்பம் பத்தொன்பது பக்கம். இருபத்தொரு வருஷத்துக்கு முந்தைய சங்கதி. நூலகங்களுக்கு அரசாங்கம் கணினி கொடுக்கிறது என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. மற்ற கிளைகளெல்லாம் அதைக் கோப்பில் போட்டு மூடிவைத்தபோது, அக்கா மட்டும் மூன்று நாள் உட்கார்ந்து எழுதினார். எட்டாவது மாதம் ஒரு லாரி வந்து நின்றது. ஆறு பெட்டிகள்! தெருவே கூடிவிட்டது. "அக்கா எழுதினா வந்திடும்" என்ற பேச்சு அன்றைக்குப் பிறந்ததுதான்.

அந்த நாட்களைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அக்காவை நிறுத்த முடியாது. தெருமுனைத் தையற்காரருக்கு மகள் வெளிநாட்டில். பேத்தி பிறந்து, முதல் படம் வந்த நாளில் இணைப்பு அப்படியொரு மந்தம். படம் மேலிருந்து ஒவ்வொரு கீற்றாக இறங்குகிறது. முதலில் முடி. ஐந்து நிமிஷம் கழித்து நெற்றி. பத்திரிகை படிக்க வந்தவர்கள்கூடப் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டார்கள். "மூக்கு வந்தாச்சு! மூக்கு வந்தாச்சு!" என்று யாரோ கத்த, நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்று சொல்ல வேண்டிய அக்காவே, "யாரு மாதிரிய்யா இருக்கு, சொல்லுங்க," என்று கத்தினாராம். மூன்றாவது கணினியில் மத்தியானம் தோறும் வந்து தட்டிக்கொண்டிருந்த நர்ஸ் ஒருத்தி, மின்கடிதத்திலேயே கல்யாணத்தை முடித்துக்கொண்டு கிளம்பினாள். பரீட்சை முடிவு வரும் நாட்களில் வாசல் கதவைக் கழற்றித்தான் வைக்க வேண்டியிருந்தது. "இப்ப எல்லாரு கையிலயும் ஒண்ணு இருக்கு. யாரு யாரோட மூக்கைப் பார்க்கிறாங்க?" என்று கேட்பார்.

அந்த ஆறும் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்ணை மூடின. கடைசியாக ஐந்தாவது, ஒரு மழைக்காலத்தில், பாதிக் கடிதத்தோடு நின்றுபோனது. அதற்குப் பிறகு அவை பின்சுவர் ஓரமாக, மேலே துணி போர்த்தி, வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. துணியை அக்கா மாதம் ஒருமுறை வீட்டுக்குக் கொண்டுபோய்த் துவைத்து வருவார். "ஓடாததுக்கு எதுக்குடி இவ்வளவு சீராட்டு?" என்று வீட்டுக்காரர் கேலி செய்தால், "நீங்களும் ரிடையர் ஆயிட்டீங்கதான். உங்க சட்டையைத் துவைக்காமலா இருக்கேன்?" என்று ஒரு போடு போடுவார்.

நான்கு வருஷமாகப் புதுக் கணினிக்கும் இணைய இணைப்புக்கும் விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறார். நான்கு வருஷமும் ஒரே வரியில் பதில்: தகுதி இல்லை. காரணம் கிடையாது. அக்கா எழுதியும் வரவில்லை என்பதை ஊர் நம்பவில்லை. அக்காவுக்கோ அது தீராத அவமானம். இந்த வருஷம் இன்னொரு செய்தியும் வந்தது. இணைப்பு இல்லாத கிளைகளை வருஷக் கடைசியில் மூடி, பெரிய நூலகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். பெரிய நூலகம் இரண்டு பஸ் தூரம். கைத்தடியோடு நடந்து வருகிற தையற்காரர் எங்கே, இரண்டு பஸ் எங்கே?

இப்போதெல்லாம் விண்ணப்பமே கணினியில்தான். "கம்ப்யூட்டர் கேக்கிறதுக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணுமாம். நல்லா யோசிக்கிறாங்கய்யா!" மதிலுக்கு அந்தப்பக்கம் இருக்கும் பள்ளிக்கூடத்தின் தலைமை ஆசிரியைதான் தன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கடைசி நாள், பிற்பகல் மூன்றரை. ஐந்து மணிக்கு விண்ணப்பக் கதவு மூடிவிடும். அக்கா பென்சிலில் எழுதிவைத்ததை வரி வரியாகப் பார்த்து ஆசிரியை தட்டினார். முடித்ததும் திரையில் சிவப்பாக வந்தது: தகுதி இல்லை.

அக்காவுக்கு வந்ததே கோபம். உதவி எண்ணைச் சுழற்றி, பேச்சு இருவருக்கும் கேட்கும்படி தொலைபேசியை மேசைமேல் வைத்தார்.

"பதினாலாவது கட்டத்துல ஆறுன்னு போட்டிருக்கீங்க மேடம்," என்றது எழுத்தரின் குரல். "ரெண்டுக்கு மேல கம்ப்யூட்டர் இருந்தா சிஸ்டம் எடுத்துக்காது."

"ஆறும் செத்துக் கெடக்கு தம்பி! ஓடுறது பூஜ்யம்னு அடுத்த கட்டத்துலயே போட்டிருக்கேனே?"

"அதை யாரு பார்க்கிறா மேடம்? உங்க இருப்புப் பதிவேட்டுல ஆறு இருக்கிற வரைக்கும் ஆறுதான். உபயோகத்துக்கு ஆகாதுன்னு கண்டம் பண்ணி எழுதிக் குடுத்திட்டா ஆறும் லாரில போயிடும், இன்னைக்கே பூஜ்யம்னு போட்டுக்கலாம். இஞ்சினியர் வந்து பார்த்தாரா?"

அக்கா தொலைபேசியை அணைத்தார்.

"பார்க்கவே வந்திருக்க மாட்டாங்க," என்றார் ஆசிரியை. "எங்க ஸ்கூல்லயும் அப்படித்தான் அக்கா."

அக்கா மேசையின் கீழ் இழுப்பறையைத் திறந்து ஒரு தாளை எடுத்துப் போட்டார். கண்டப் படிவம். பொறியாளரின் கையெழுத்து, முத்திரை, நான்கு வருஷத்துக்கு முந்தைய தேதி, எல்லாம் இருந்தன. கணினி எண்களுக்கான ஆறு வரிகளும், கடைசியில் பொறுப்பாளர் கையெழுத்தும் மட்டும் காலி.

ஊருக்கெல்லாம் ஒரே நாளில் படிவம் நிரப்புகிறவர் ஒரு படிவத்தை நான்கு வருஷம் உள்ளே போட்டு வைத்திருக்கிறார்! ஆசிரியை தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டுக்கு மேல கூடாதுன்னு கடைசிப் பக்கத்துல இருந்திருக்குமே அக்கா?"

"இருந்திச்சு. ஓடுற கம்ப்யூட்டரைத்தான் சொல்றாங்கன்னு நானே படிச்சுக்கிட்டேன்." அக்கா இரண்டு கண்ணாடிகளையும் கழற்றினார். "இன்னைக்கு எழுதலாம், நாளைக்கு எழுதலாம்னு எடுப்பேன். லாரி வந்து தூக்கிட்டுப் போறது கண்ணுல வரும். உள்ள வெச்சிடுவேன். நாலு வருஷமா கவர்ன்மெண்டைத் திட்டினேன் டீச்சர். நான்தான் குடுக்கவிடலை."

அவர் கண் கலங்கியது. வெட்கமும் துக்கமும் சேர்ந்து வந்த அழுகை அது. மறைக்கவும் அவர் முயலவில்லை.

"அக்கா, அழுகையை அஞ்சு மணிக்கு மேல வெச்சுக்கலாம்," என்றார் ஆசிரியை. கடுமையாகச் சொல்ல நினைத்ததுதான், குரல் ஒத்துழைக்கவில்லை. "மணி நாலு இருபது. நம்பர் எல்லாம் பின்னாடிதானே ஒட்டியிருக்கும்? நான் படிக்கிறேன், நீங்க எழுதுங்க."

துணியை விலக்கி, முதல் கணினிக்குப் பின்னால் மண்டியிட்டு, கைபேசி வெளிச்சத்தை அடித்தார். பதினோரு இலக்க எண். தூசி படிந்து, பாதி அழிந்திருந்தது. விரலால் துடைத்துத் துடைத்து ஒவ்வொன்றாகச் சொன்னார். ஏழாவது இலக்கத்தில் தடுமாறி, "எட்டா மூணான்னு தெரியலையே அக்கா," என்று தலையைத் தூக்கிப் பார்த்தார்.

அதற்குள் அக்கா, இந்தப் பக்கம் திரும்பாமலே, ஆறு வரிகளிலும் ஆறு எண்களையும் எழுதி முடித்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.