மற்ற இரண்டு பேர்

மற்ற இரண்டு பேர் யார்? றெஜினா அக்கா இதை என்னிடம் கேட்டபோது மிக உறுதியாக ஒரு பதில் சொன்னேன். இன்று என்னிடம் பதில் இல்லை.

அவர் இறந்த செய்தி நத்தார்ப் பண்டிகைக்கு இரண்டு வாரம் முன்பு வந்தது. ஒஸ்லோவில், மோர்டென்ஸ்ருட்டில் ரயிலை விட்டு இறங்கி வீட்டுக்கு நடந்துகொண்டிருந்தேன். அழைத்தவர் பெர். வடக்கே பின்மார்க்கில், அக்காவின் பக்கத்து வீட்டுக்காரர். எண்பதைத் தாண்டியவர், தொலைபேசியில் ஒரு சொல்லும் கூடுதலாகப் பேசமாட்டார். "றெஜினா காலையில் கதவைத் திறக்கவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். கதிரையில் உட்கார்ந்தபடியே போயிருக்கிறார்" என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார். பிறகு, "மேசையில் மூன்று கோப்பைகள் இருக்கின்றன. அவற்றை என்ன செய்ய?" என்று கேட்டார்.

கழுவி வைக்கச் சொன்னேன்.

இதை வாசிக்கும் உங்களில் பலருக்கு அக்காவைத் தெரியும். இன்று வெஸ்ட்லியிலும் மோர்டென்ஸ்ருட்டிலும் பேரப்பிள்ளைகளோடு இருக்கும் நீங்கள், அந்த வடக்கு ஊரின் மீன் ஆலையில் அவரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர்கள். ஆலையின் இடைவேளை அறையில் நோர்வேஜிய மொழியைவிடத் தமிழ் சத்தமாகக் கேட்ட காலம் அது. அப்பாவோடு அங்கு போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பதினைந்து வயது.

அந்த வருடம் நகரசபையிலிருந்து ஒருவர் படிவங்களோடு ஆலைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் படித்த அரைகுறை மொழியோடு நான் மொழிபெயர்த்தேன். அக்காவின் முறை வந்ததும் அந்த அதிகாரி "நாடு?" என்றார்.

"மன்னார் எண்டு சொல்லு."

"அது நாடில்லை அக்கா."

"அவருக்குத் தெரியுமோ? நீ சொல்லு பிள்ளை."

சொன்னேன். அதை எழுத இடமில்லை என்று அவர் கையை விரித்தார். அக்கா படிவத்தின் விளிம்பைத் தொட்டுக் காட்டினார். "இடமில்லாட்டி ஓரத்தில எழுதட்டும். வெள்ளையாத்தானே கிடக்கு." அதிகாரி சிரித்துவிட்டு ஓரத்தில் எழுதினார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த ஓரம் எந்தப் பதிவேட்டுக்கும் போயிருக்காது என்பதை, பின்னாளில் நாட்டின் புள்ளிவிவரத் துறையில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்த நாட்டின் பதிவேடு நீ எங்கே பிறந்தாய், உன் பெற்றோர் எங்கே பிறந்தனர் என்று கேட்கும். நீ யார் என்று கேட்பதில்லை. அது நல்லதுக்குத்தான் என்று இன்றும் நினைக்கிறேன்.

ஆலை மூடியது. ஒவ்வொரு குடும்பமாகத் தெற்கே வந்தோம். நான் துரொண்ட்ஹெய்மில் படித்துவிட்டு ஒஸ்லோவுக்கு வந்தேன். அக்கா வரவில்லை. அவருடைய கணவர் மரியதாஸ் அண்ணன் அந்த ஊர்ச் சேமக்காலையில் அடக்கமாகியிருக்கிறார். வரச் சொல்லி நான் வற்புறுத்திய ஒரு தடவை, "அவரைப் பனிக்குள்ள விட்டிட்டு உன்ரை அடுக்குமாடியில வந்து லிப்டில ஏறி இறங்கச் சொல்லுறியோ?" என்று கேட்டார். அதன்பின் நான் கேட்கவில்லை.

மூன்று வருடங்களுக்கு முன் அவரே தொலைபேசியில் கேட்டார். "பிள்ளை, உன்ரை கந்தோரில சனக்கணக்குப் பாக்கிறனீயெல்லே? எங்கடை ஊரில ஆர் ஆர் இருக்கினம் எண்டு ஒருக்கா அனுப்பிவிடு." யாரும் பார்க்கக்கூடிய அட்டவணைதான். அச்சடித்துத் தபாலில் அனுப்பினேன். பிறந்த நாட்டின்படி அந்தச் சிற்றூரின் மக்கள்: நோர்வே, லித்துவேனியா, தாய்லாந்து, எரித்திரியா, சிரியா, உக்ரேன் என்று நீண்டது. இலங்கைக்கு நேரே மூன்று என்று இருந்தது.

கடிதம் கிடைத்த அன்றே அழைத்தார். "மூண்டு எண்டு போட்டிருக்கு. மற்ற ரெண்டு பேரும் ஆர்?"

சிறிய எண்களை நாங்கள் உள்ளபடி வெளியிடுவதில்லை என்று விளக்கினேன். சின்ன ஊரில் 'ஒருவர்' என்று போட்டால் அவர் யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதனால் ஒன்றும் இரண்டும் சில இடங்களில் பூச்சியமாகும், சில இடங்களில் மூன்றாகும். "அது நீங்கள் ஒராள்தான் அக்கா. மற்ற ரெண்டு பேரும் இல்லை."

"இல்லை எண்டு நீ பார்த்தனியோ?"

"பார்க்க ஏலாது அக்கா. அதுக்கு அனுமதி இல்லை."

"அப்ப உனக்கும் தெரியாது."

"விதி அப்படி அக்கா."

"விதியை நானும் கனக்கப் பார்த்திட்டன்" என்றார். "நீ போனை வையடி. நான் தேடிப் பாக்கிறன்."

விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் தேடினார். பின்னால் நின்று காலால் உந்திக்கொண்டு போகும் சறுக்கு நாற்காலியில், பனி இறுகிய வீதிகளில், வீடு வீடாகப் போனார். எழுபது வயதை நெருங்கிய பெண். என் கந்தோரின் ஒரு எண் அவரை வெளியே அனுப்பியிருந்தது. ஞாயிறு தோறும் எனக்கு அறிக்கை வரும். கடைக்கு மேலே இருக்கும் தாய்லாந்துப் பெண்ணின் பிள்ளை சோறு என்றால் முகத்தைத் திருப்புகிறதாம். எரித்திரியப் பெடியன் அவர் கழுத்தில் செபமாலையைக் கண்டதும் தன் சிலுவையை எடுத்துக் காட்டினானாம். "கதவைத் திறக்கேக்கை எல்லாரும் பயந்த முகம். தேத்தண்ணி ஊத்தினாப் பிறகுதான் ஊர் பேர் வருது."

அந்தத் தேடலில்தான் பெரின் கதையும் வந்தது. முப்பது வருடமாக நாங்கள் எல்லோரும் அவரை நோர்வேஜியர் என்றே நினைத்திருந்தோம். தாயும் தகப்பனும் வீட்டில் வடக்கின் பூர்வகுடிகளான சமி மக்களின் மொழியைத்தான் பேசினார்கள், பிள்ளைகளின் முன்னால் மட்டும் நிறுத்திக்கொள்வார்கள் என்று அக்காவின் சமையலறையில் அவர் சொன்னாராம். அதைத் தன் பிள்ளைகளிடம்கூட அவர் சொன்னதில்லை. என் அட்டவணையில் அவர் 'நோர்வே' என்ற பெரிய எண்ணுக்குள் ஒருவர். "பார்த்தியே பிள்ளை, உன்ரை கணக்கில ஒளிச்சிருக்கிறது நான் மட்டுமில்லை" என்றார் அக்கா.

கோடையில் அவரைப் பார்க்கப் போனேன். மேசையில் மூன்று கோப்பைகள். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. மூன்றாவது, பெர் குடிப்பதற்கா என்று கேட்டேன்.

"பெர் கோப்பிதான் குடிப்பார். அது வேறை கோப்பை."

"அப்ப இது?"

"நீ வராத நாளிலயும் மூண்டுதான். வந்தால் குடிக்கட்டும்."

எனக்கு எரிச்சல் வந்தது. "இல்லாத ஆக்களுக்குத் தேத்தண்ணியோ? நாலு பேர் கேட்டால் என்ன நினைப்பினம்?"

"இஞ்சை நாலு தமிழ்ச் சனம் இருந்தால் நான் ஏன் தேடுறன்?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "பிள்ளை, கடையில எனக்கெண்டு மட்டும் ஒரு மிளகாய்த்தூள் எடுப்பிக்கிறவை. மாசம் ரெண்டு பக்கெற். போன மாசம் நான் போகேக்கை ஒண்டுதான் இருந்தது. ஆரோ வாங்கியிருக்கினம்."

பாரவண்டிச் சாரதி யாராவது வாங்கியிருப்பார், தாய்லாந்துப் பெண் வாங்கியிருப்பார் என்றேன். அந்தப் பெண்ணிடம் கேட்டாயிற்று, அவர் வாங்கவில்லை என்றார் அக்கா. "ஓம், சாரதியாய் இருக்கும்" என்று என் மனம் நோகாமல் இருக்கச் சொல்லிவிட்டு, மூன்றாவது கோப்பைக்கும் தேநீர் ஊற்றினார். நாங்கள் பேசி முடிக்கும்வரை அது ஆறிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். இரண்டு தடவை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தேன் என்பதையும் சொல்லவேண்டும்.

அடக்கத்துக்கு நான் போகவில்லை. புயலால் விமானம் பறக்கவில்லை. பெர் எனக்கு ஒரு கொப்பி அனுப்பினார். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கோடு போட்ட கொப்பி. அக்காவின் பதிவேடு. வீட்டின் நிறம், ஆட்களின் பெயர், அவர்கள் தங்களை என்னவென்று சொன்னார்கள் என்பது, எல்லாம் அவருடைய சாய்ந்த எழுத்தில். பெரின் பெயருக்கு நேரே, 'எழுதவேண்டாம் எண்டவர்'. கடைசிப் பக்கத்தில் இலங்கை என்று தலைப்பு. முதலாவது வரியில் றெஜினா, மன்னார். இரண்டுக்கும் மூன்றுக்கும் இலக்கம் மட்டும் போட்டிருந்தார். அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்தக் கொப்பியும், 'நீ பார்த்தனியோ?' என்ற அந்தக் கேள்வியும்தான். என் வேலையில் வேறு யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

மாசி மாதத்தில் ஒரு ஞாயிறு ஒஸ்லோவில் நினைவுத் திருப்பலி வைத்தோம். உங்களில் பலர் வந்தீர்கள். முடிந்து றோல்ஸ் சாப்பிடும்போது செல்வி அக்கா, "பாவம், ஒரு தமிழ்ச் சனம் இல்லாத இடத்தில தனியச் செத்துப்போனா" என்றார். "தமிழ்ச் சனம் இல்லாததாலதான் எழுபது வயசுவரை நிம்மதியாய் இருந்தவ" என்று அவருடைய கணவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். கோப்பைகளைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த நாள் நடந்தது இது. காலையில் வேலைக்குப் போனேன். வெளியிடுவதற்கு முன் சரிபார்ப்பதற்காகப் புதிய அட்டவணை வந்திருந்தது. புதுவருடத்தின் முதல் நாளன்று யார் எங்கே வசித்தார்கள் என்ற கணக்கு. அக்கா அதற்கு முன்பே இறந்துவிட்டார், அவருடைய இறப்பும் பதிவாகிவிட்டது. அந்த ஊரின் வரியைத் தேடினேன். இலங்கைக்கு நேரே மூன்று என்று இருந்தது.

பூச்சியத்தை விதி மூன்றாக்காது. ஒருவராவது இருந்தால்தான் மூன்று வரும். அவர் அண்மையில் வந்தவராக இருக்கலாம். குழந்தையாகத் தத்தெடுக்கப்பட்டு, நோர்வேஜியப் பெயரோடு, ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாமல் வளர்ந்தவராக இருக்கலாம். சிங்களவராக இருக்கலாம். அக்கா தட்டாத ஒரு கதவுக்குப் பின்னால் அத்தனை காலமும் இருந்தவராகவும் இருக்கலாம். உண்மையான எண்ணைப் பார்க்க எனக்கு அனுமதி இல்லை. பார்க்கவில்லை. அட்டவணை சரி என்று குறித்து அனுப்பினேன்.

மதியம் பெரைத் தொலைபேசியில் அழைத்து, அந்தக் கோப்பைகள் என்னவாயின என்று கேட்டேன்.

"கழுவினேன்" என்றார். "மேசையிலேயே வைத்திருக்கிறேன்."