பதினாறாம் பக்கம்

காலையில் கடைக்குக் கிளம்பும் முன் கண்ணாடிக்காரரும் மனைவியும் கூடத்தின் இரண்டு முனைகளில் நிற்பார்கள். நடுவே ஐந்து மீட்டர் நீலத் துணி. விறைப்பாக இழுத்து, மடித்து, மறுபடி இழுப்பார்கள். பிறகு அவர் ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு தலைப்பாகை சுற்றத் தொடங்குவார். அந்த ஆறு நிமிடம் அவரால் வாய் திறக்க முடியாது. அவள் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டித் தீர்ப்பது அப்போதுதான்.

"ஏங்க, நாலு வாரமா மூணே பேரு. அதுல ஒருத்தர் ஃபேன் காத்துக்கு வர்றவரு. இன்னிக்குப் பத்துப் பேர் வரலைன்னா ரூமைத் திருப்பி வாங்கிக்குவேன்னு நூலகர் சொல்லிட்டாரு. ஞாபகம் இருக்கா?"

"ம்ம்."

"எழுதி வெச்சிருக்கிற அந்தப் பதினெட்டுப் பக்கப் பேச்சையேவா படிக்கப் போறீங்க?"

"ம்ம்ம்!"

மூக்குக் கண்ணாடிக்கு அளவு பார்ப்பது அவர் பிழைப்பு. சீக்கிய சமயத்தை நாலு பேருக்குப் புரியவைப்பது அவர் ஆசை. கண் பரிசோதனைக்கு வருகிறவர்கள் பலகையிலுள்ள எழுத்தை விட்டுவிட்டு அவர் தலையையே பார்ப்பார்கள். "தூங்கறப்ப கழட்டிடுவீங்களா?" என்பார்கள். பதிலை முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிடுவார். அதனால்தான் வாரம் ஒரு மாலை உட்கார்ந்து பேச நூலகத்தின் மாடி அறையைக் கேட்டு வாங்கியிருந்தார்.

அன்று மாலை முப்பது நாற்காலிகள், மூன்று பேர். இரண்டாம் பக்கத்திலேயே ஃபேன்காரர் கண்ணயர்ந்துவிட்டார். செவிலி ஒருத்தி மட்டும் கை தூக்கினாள்.

"சார், உங்க கோயில், அதான் குருத்வாரா, அங்க யார் போனாலும் சாப்பாடு உண்டாமே?"

"அது பதினாறாம் பக்கத்துல வருதும்மா. மூணாவது குருவைப் பாக்க யார் வந்தாலும், ராஜாவே ஆனாலும், முதல்ல எல்லாரோடயும் தரையில வரிசையா உக்காந்து சாப்பிடணும். அப்புறம்தான் பேச்சு..."

சட்டென்று நிறுத்தினார். பின்வரிசையில் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நாலு வாரமா வெறும் வயித்தோட உக்கார வெச்சுப் பேசிட்டிருந்தேனா!"

"இப்பவாச்சும் உறைச்சுதே! மாவு பிசைஞ்சுதான் வெச்சிருக்கேன்." அடுத்த சந்திலிருந்த வீட்டுக்கு அவள் ஓடினாள்.

முக்கால் மணி நேரத்தில் ரொட்டியும் பருப்பும் வந்தன. நாற்காலிகள் சுவரோரம் போயின. நீளமாக ஒரு விரிப்பு வந்தது. ஃபேன்காரர் கண் விழித்து முதல் ஆளாக உட்கார்ந்தார். பிறகு ஒவ்வொருவராக மாடியேறி வந்தார்கள்: நாளிதழ் படிப்பவர்கள், பரீட்சைக்குத் தயாராகும் பெண்கள், கூட்டிப் பெருக்கும் அம்மா. பருப்பு வாசனை படியிறங்கிப் போய் அழைத்திருக்கும் என்று கண்ணாடிக்காரர் நினைத்துக்கொண்டார்.

கடைசியாக நூலகர், கையில் சாவியோடு.

"இங்க சாப்பிடக் கூடாதுன்னு போர்டு இருக்கே, பாக்கலையா?"

"பாத்தேன் சார். என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. உக்காருங்க."

"நாற்காலி?"

"அது மட்டும் கிடையாது."

நூலகர் முனகிக்கொண்டே கூட்டிப் பெருக்கும் அம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"முட்டி இடிக்குது சார், தள்ளி உக்காருங்க," என்றாள் அவள். வரிசையே சிரித்தது.

ரொட்டியை மென்றபடியே கேள்விகள் வந்தன. ஒரு கையில் பருப்பு வாளியோடு, காகிதமே பார்க்காமல், கண்ணாடிக்காரர் பதில் சொன்னார். செவிலி எழுந்து வாளியை வாங்கிக்கொண்டாள். நூலகர் தலைகளை எண்ணினார்: இருபத்திரண்டு. சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அடுத்த வாரம் பருப்புல கொஞ்சம் உப்பைக் குறைங்க."

அந்த அறை இன்றும் அவர்களிடம்தான் இருக்கிறது. நூலகர் ஓய்வு பெற்ற நாளில்தான் நாளிதழ் வாசகர் ஒருவர் சொன்னார்: அன்று வாசனை எதுவும் கீழே வரவில்லையாம். மேசை மேசையாகப் போய், "மேல சாப்பாடு போடறாங்க, போங்கய்யா" என்று ஆட்களை எழுப்பி அனுப்பியவர் நூலகரேதானாம்.