ஒரு பக்கக் கனம்

என் அக்காவுக்கு வேலையிடத்தில் 'கோணலம்மா' என்று பெயர். விண்கலம் பூமிக்குத் திரும்பும்போது அதன் எடை சற்று ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்க வேண்டும். அதைப் பார்த்துக்கொள்வது அவள் பொறுப்பு. எடை ஒதுங்கினால் கலம் சாய்ந்தபடி காற்றுக்குள் நுழையும். காற்று அதன் வேகத்தைக் குறைப்பதோடு, கொஞ்சம் தூக்கியும் கொடுக்கும். கலத்தை உருட்டி அந்தத் தூக்கலை வேண்டிய பக்கம் திருப்பிக்கொள்ளலாம். சாயாமல் நுழைந்தால் கல்லாக விழும். உள்ளே இருப்பவரின் நெஞ்சை அமுக்கிவிடும்.

அத்தான் அவளுக்கு நேரெதிர். மேசையில் கரண்டி கோணலாகக் கிடந்தால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்த மகானுபாவர்தான் அந்த முறை கலத்தில் தனியாகப் போயிருந்தார்.

பூமிக்குத் திரும்பக் கிளம்புமுன் அவர் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் அக்கா எழுந்துவிட்டாள். இடப்பக்கம் மட்டும் இருக்கவேண்டிய ஆராய்ச்சிப் பைகள், இரண்டு பக்கமும் சரிபாதியாக, அழகாகக் கட்டப்பட்டிருந்தன.

"பாதிப் பையை ஏன் வலப்பக்கம் மாத்துனீங்க?" என்று வானொலியில் கேட்டாள்.

"எல்லாம் ஒரே பக்கம் பிதுங்கிட்டு இருந்துச்சு. பார்க்கவே நல்லால்ல. கம்ப்யூட்டர் சமாளிச்சுக்கும்ல?"

"சாய்வே இல்லன்னா அது எதை வச்சுத் திருப்பும்? எல்லாத்தையும் இடப்பக்கம் கட்டுங்க."

"இப்பதான் கட்டி முடிச்சேன்."

"அவுத்துடுங்க. எனக்கு ஒழுங்கு வேணாம். நீங்க வேணும்."

கட்டுப்பாட்டு அறையில் இருந்த நாங்கள் எல்லோரும் அவரவர் திரையில் மும்முரமாகிவிட்டோம். புருஷன் பெண்டாட்டி சண்டையில் யார் தலையிடுவது?

"கட்டிட்டேன்," என்றார் கடைசியில். மறுபடி படம் அனுப்ப நேரமில்லை. எடை போதுமான அளவு ஒதுங்கியதா என்பதைக் காற்றுதான் சொல்ல வேண்டும்.

கலம் காற்றைத் தொட்டதும் அந்தச் சூட்டில் வானொலி அடைத்துப்போனது. ரேடார் பார்ப்பவன் நான். என் திரையில் அவர் ஒரு புள்ளி. புள்ளி நேராகச் சரிந்துகொண்டே வந்தது. என் தோளைப் பிடித்திருந்த அக்காவின் நகம் சட்டையைத் தாண்டிப் பதிந்தது. எனக்கும் பயம்தான், காட்டிக்கொள்ளவில்லை.

பிறகு சரிவு மெல்லக் குறைந்தது. பாதை இடப்பக்கம் வளைந்து, நிதானமாகத் திரும்பி, வலப்பக்கம் வந்தது.

"உருளுதுடா," என்றாள் அக்கா. "தூக்கிக் குடுக்குது."

வெகுநேரம் கழித்து வானொலி கரகரத்தது.

"மூச்சு நல்லா விட முடியுது," என்றார் அத்தான். "நீ விட்டியா?"

அக்கா ஒலிவாங்கியைக் கையில் பிடித்தபடியே அழுதாள்.